நாலு மாசமா வரலை என்றாய்

மக்களே,

"நாலு மாசமா பீரியட்ஸ் வரலை, ஆனா ஸ்கேன், தைராய்டு எல்லாம் நார்மல்தான்" என்று சொல்லிவிட்டு நீ போனை வைத்தாய், எனக்கு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. விடியுமுன் அப்பா ரப்பர் வெட்டப் போனதும் எழுத உட்கார்ந்தேன். இருபத்தெட்டு வருஷம் ஊரார் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தியவள், உனக்கு இதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

சினைப்பை நன்றாக இருக்கிறதென்றால் மூளையைத்தான் பார்க்க வேண்டும். ஹைப்போதலாமஸ் என்று பாதாம் பருப்பளவு இடம், பசியைக் கிளப்புவதும் அதுதான், மாதவிலக்கை ஓட்டுவதும் அதுதான். அங்கிருந்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை ஜி.என்.ஆர்.எச். ஹார்மோன் விட்டுவிட்டு வந்தால்தான் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அசையும், முட்டை வளரும். உடம்பில் எவ்வளவு கொழுப்பு கையிருப்பு என்று மூளைக்குச் சொல்வது லெப்டின் என்ற ஹார்மோன், 1994-இல்தான் கண்டுபிடித்தார்கள். அது சுரக்காத எலி தின்று தின்று உருண்டையாகும், குட்டி மட்டும் போடாது. லெப்டின் ஊசி போட்டால் போடும். இதில் ஒரு வேடிக்கை, ஜி.என்.ஆர்.எச். விடும் நரம்பு செல்களுக்கு லெப்டின் பேசுவது நேராகக் கேட்காது, நடுவில் ஆள் வேண்டும். அப்படி ஓர் ஆள்தான் கிஸ்பெப்டின். அதன் மரபணுவை அமெரிக்காவில் ஹெர்ஷி என்ற சாக்லேட் ஊரில் கண்டுபிடித்ததால் அந்த ஊர் 'கிஸ்' மிட்டாயின் பெயரையே வைத்துவிட்டார்கள்!

நீ எலும்பும் தோலுமாக இல்லை, தெரியும். எடை குறையாமலேயே இது நிற்கும். காலையில் பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு மத்தியானம் சாலட்டோடு எழுந்தால் மீதி என்ன இருக்கும்? ஐந்தே நாள் ரொம்பக் குறைத்துச் சாப்பிட்ட பெண்களுக்கு பிட்யூட்டரி ஹார்மோனின் துடிப்பு தளர்ந்ததை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். மாசியில் இலை உதிர்ந்து நிற்கும் ரப்பர் மரத்தில் அப்பா கத்தி வைக்க மாட்டார், பார்த்திருக்கிறாய்தானே.

கருத்தடை மாத்திரை போட்டு ரத்தம் வந்துவிட்டால் சரியாகிவிட்டதென்று நினைக்காதே, மூளை அப்போதும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பும் மெலியும். எலும்பு டெஸ்ட் வேண்டுமா என்று டாக்டரிடம் கேள்.

அப்புறம் ஒன்று. கல்யாண வீட்டில் சித்தி "பிள்ளை தடிச்சிட்டாளே" என்றபோது நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அடுத்த வாரம்தான் நீ ஓட ஆரம்பித்தாய். அதை மறக்க முடியவில்லை, மக்களே.

ஓட்டத்தைப் பாதியாக்கு, ஓடி வந்ததும் சாப்பிடு. உளுந்தும் கருப்பட்டியும் பார்சல் போட்டாச்சு. அங்கே ஏத்தம்பழம் கிடைக்குமா? சொல்லு.

அம்மா