ரோல்பேக் லாரி வாங்கும் முன் இன்சூரன்ஸைக் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

சொந்தக் காரையோ டிராக்டரையோ ஏற்றிச் செல்லலாம் என்று ஏலத்தில் பழைய ரோல்பேக் லாரியை (தளம் பின்னால் சரிந்து இறங்கி வண்டியை ஏற்றிக்கொள்ளும் லாரி) எடுத்துவிட்டு, அப்புறம் இன்சூரன்ஸுக்கு அலைகிறவர்கள் பலர். முதலில் இன்சூரன்ஸ் கம்பெனி, அடுத்து பதிவு அலுவலகம், பணம் கொடுப்பது கடைசியில் என்று வைத்துக்கொண்டால் இந்த அலைச்சலே இருக்காது.

சாய்ந்து இறங்கும் தளமும், கம்பியைச் சுற்றி வண்டியை மேலே இழுக்கும் வின்ச்சும் இருந்தாலே, அது வாடகைக்கு ஓடும் மீட்பு வண்டி என்றுதான் கம்பெனி எடுத்துக்கொள்ளும். கார் பாலிசி போடும் பிரிவு பெரும்பாலும் கையை விரித்துவிடும். வணிக வாகனப் பிரிவோ, இரவு பகலாக ஓடும் வண்டிக்கான பிரீமியத்தைச் சொல்லும். அங்கேயே பேசிப் பார்க்கலாம். 'சொந்தப் பொருளை ஏற்ற மட்டும். வாடகைக்கோ கூலிக்கோ அல்ல' என்று உபயோகத்தைக் குறிப்பிட்டு, ஆண்டுக்கு ஓடும் தூரம், நிறுத்தும் இடம், ஓட்டுபவர்கள் விவரம் எல்லாம் கொடுத்தால் பிரீமியம் இறங்க வாய்ப்பு உண்டு. ஏஜென்ட் தலையாட்டினால் போதாது. அந்த வரி பாலிசித் தாளில் இருக்க வேண்டும்.

அடுத்தது எடை. எந்த உரிமம், எந்த வரி, எந்த வகைப் பதிவு என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது உற்பத்தியாளர் அனுமதித்த மொத்த எடை. அன்றைக்கு வண்டி காலியாகப் போகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. கதவுத் தூணிலோ சேஸிஸிலோ உள்ள தகட்டில் அந்த எண் இருக்கும். இந்தியாவில் 7,500 கிலோ வரை இலகுரக வாகனம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண கார் உரிமம் பொதுவாக 3,500 கிலோவோடு நின்றுவிடும். அமெரிக்காவில் வணிக ஓட்டுநர் உரிமத்துக்கான எல்லை 26,001 பவுண்டில் தொடங்குவதால், அங்கே பல ரோல்பேக்குகளுக்குச் சரியாக 26,000 பவுண்டு, அதாவது சுமார் 11,790 கிலோ என்றே தகடு அடிக்கிறார்கள்.

இதில் ஏமாறுவது பாரம் ஏற்றும்போதுதான். இரும்புத் தளம், அதன் கீழ்ச் சட்டம், ஹைட்ராலிக் சிலிண்டர்கள், வின்ச் எல்லாமே சேஸிஸ் மேல் ஏறிய எடை. வாங்கும் முன் டேங்க் நிரப்பி, ஓட்டுபவரையும் உட்கார வைத்து எடைமேடையில் ஏற்றுங்கள். முன் அச்சு, பின் அச்சு தனித்தனியாக எடை போடுங்கள். தகட்டு எண்ணிலிருந்து கழித்தால் மிஞ்சுவதுதான் ஏற்றக்கூடிய பாரம். சிறிய சேஸிஸில் பெரிய தளம் கட்டியிருந்தால் ஒரு கனமான ஜீப்பைக்கூட சட்டப்படி ஏற்ற முடியாது. பின்னால் இன்னொரு காரைத் தூக்கி இழுத்தால் முன் அச்சு இலேசாகி ஸ்டியரிங் பிடி குறையும். விபத்துக்குப் பிறகு அதிக பாரம் என்று தெரிந்தால் கிளெய்ம் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

பதிவில் முக்கியமாக ஒத்துப் பார்க்க வேண்டியது பாடி. பெட்டி லாரியாகப் பதிவான சேஸிஸில் பிற்பாடு ரோல்பேக் தளம் கட்டியிருப்பார்கள்; பதிவுச் சான்றில் பழைய பாடியே நிற்கும். அந்த மாற்றத்தைப் பதியாமல் பெயர் மாற்றம் நகராது. சேஸிஸ் எண்ணைத் தாளில் மட்டும் பார்க்காமல், துருவைத் தேய்த்துவிட்டு இரும்பில் அடித்திருப்பதோடு ஒப்பிடுங்கள். கடன் பாக்கி, வரி பாக்கி, பழைய பர்மிட் மூன்றையும் விற்பவரே தீர்த்துத் தரட்டும்.

கதவில் பழைய கம்பெனியின் பெயரும் போன் நம்பரும் '24 மணி நேர சேவை' என்ற எழுத்தும் அப்படியே இருக்கும். கூரையில் மஞ்சள் சுழல் விளக்கு. இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்ததும் போட்டோ எடுப்பது இவற்றைத்தான். சொந்த உபயோகம் என்ற வாதம் அந்தப் படத்திலேயே அடிபட்டுப் போகும். எழுத்தைச் சுரண்டி எடுங்கள். சுழல் விளக்கு வைக்க அனுமதி உண்டா என்று கேட்டு, இல்லையென்றால் கழற்றிவிடுங்கள்.

பாலிசியில் மூன்று ஓட்டைகளை எழுத்தில் கேட்டுத் தெளிய வேண்டும். லாரியின் மதிப்பில் தளமும் வின்ச்சும் சேர்ந்திருக்கிறதா? சேராவிட்டால் சேஸிஸ் விலைதான் கைக்கு வரும். மேலே ஏற்றிய கார் யார் கணக்கு? லாரி பாலிசி பொதுவாக அதைத் தொடாது. அதற்குத் தனி கவர் வேண்டும். தளம் சாய்ந்திருக்கும்போது, வின்ச் இழுக்கும்போது நடக்கும் சேதம் உண்டா? வண்டி ஓடும்போது மட்டும் என்று எழுதியிருந்தால், வின்ச் கம்பி அறுந்து ஏறிக்கொண்டிருந்த கார் உருண்டு இன்னொருவர் மேல் மோதுவது வெளியே போய்விடும். ரோல்பேக்கில் பயப்பட வேண்டிய நேரமே அதுதான்.

நண்பரின் பழுதான காரை ஏற்றிக்கொடுத்து டீசலுக்கென்று பணம் வாங்கினால்கூட, கம்பெனி அதை வாடகை என்று சொல்ல இடமுண்டு. பணம் வாங்காமல் ஏற்றினாலும் அது அடுத்தவர் சொத்து. 'சொந்தப் பொருள் மட்டும்' என்ற பாலிசி அதற்குச் செல்லாது. இந்த உதவி அடிக்கடி தேவைப்படும் என்றால், அதை முதலிலேயே சொல்லிக் கூடுதல் பிரீமியம் கட்டிவிடுங்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று தடவைதான் ஏற்றப்போகிறீர்கள் என்றால் வாடகை வண்டியே மேல்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்