தறியை நிறுத்தி இடம் தந்தவருக்கும், வந்து பேசியவர்களுக்கும்

அன்புடையீர், வணக்கம்.

‘மதுவும் அரசின் வருமானமும்’ கலந்துரையாடல் முடிந்து மூன்று நாளாகிறது. என் செருப்பு வாரில் இன்னும் பஞ்சு ஒட்டியிருக்கிறது. ஆகவே முதல் நன்றி அம்மாபேட்டைத் தறிக்காரருக்கு.

நடந்தது பலருக்குத் தெரியாது. இடம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தவர்கள், அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்து, “நமக்கெதுக்குங்க வம்பு” என்று கையை விரித்துவிட்டார்கள். சென்னைப் பேராசிரியருக்கோ ஏற்காடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாகிவிட்டது. மறுநாள் டீக்கடையில் புலம்பிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்றவர் “நம்ம பட்டறையில வச்சுக்கங்க” என்றார். எட்டுத் தறியை அரை நாள் நிறுத்தினார். ஓட்டுபவர்களுக்கு மீட்டர் கணக்கில் கூலி. தறி நின்றால் கூலியும் நின்றுபோகும். அதையும் அவரே கையிலிருந்து கொடுத்தார். இதை அவர் சொல்லவில்லை, தறி ஓட்டும் தம்பி சொன்னார். இங்கே எழுதியதற்கு எனக்குத் திட்டு காத்திருக்கிறது.

விடியுமுன் ஜங்ஷனில் வந்திறங்கி, பஞ்சுத் தூசியில் தும்மிக்கொண்டே ஒன்றரை மணி நேரம் பேசிய பேராசிரியருக்கு நன்றி. இந்தப் பேச்சுக்கு நம் ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்பதை அவர்தான் விளங்க வைத்தார். 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரான ராஜாஜி, 20 ஆண்டு கழித்துச் சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் (முதலமைச்சருக்கு அன்று அந்தப் பெயர்) மதுவிலக்கை முதலில் நடைமுறைப்படுத்தியது இங்கேதான், 1937 அக்டோபர் 1 அன்று. கள், சாராயத்தில் வந்துகொண்டிருந்த வருமானம் போயிற்றே, அதை ஈடுகட்ட 1939-ல் வந்ததுதான் பொது விற்பனை வரி. கடைக்குக் கடை நாம் கட்டிய வரிக்கும் கள்ளுக்கும் இப்படி ஓர் உறவு உண்டென்று கூட்டத்தில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது, என்னையும் சேர்த்து.

அடுத்து, பாவு உருளை ஓரம் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு. பெயர் வேண்டாம் என்றார். டாஸ்மாக் விற்பனையால் 2023-24-ல் அரசுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வந்தது, கடையை மூடினால் இதற்கு வழி என்ன என்று வக்கீல் தம்பி கேட்டு முடித்ததும், அந்த அம்மா கை தூக்கினார். “ஏனுங்க, கள்ளுக்கடைய மூடுனதுக்குத்தானே அந்த வரி போட்டாங்க? திரும்பக் கடையத் தொறந்தப்ப வரிய எடுத்தாங்களா?”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இல்லம்மா, எடுக்கல” என்றார். விற்பனை வரி 2007-ல் மதிப்புக்கூட்டு வரியாகி, 2017-ல் ஜிஎஸ்டிக்குள் போனதையும், மது அதற்குள் வராமல் மாநிலத்தின் கையிலேயே தங்கிவிட்டதையும் அதன்பிறகுதான் விளக்கினார். நாங்கள் அடித்து வைத்திருந்த ஆறு கேள்விகளையும் அதற்குப்பின் யாரும் சீண்டவில்லை. நல்லதுதான்.

ஆத்தூர்ப் பக்கமிருந்து வந்த தென்னை விவசாயிக்குத் தனியாக ஒரு நன்றியும் ஒரு மன்னிப்பும். 1987-லிருந்து இருக்கும் கள் தடையை எடு, பாட்டில் சரக்கை விடுகிறாய், மரத்திலிருந்து இறக்குவதற்கு மட்டும் வழக்கா என்பது அவர் வாதம். நேரமாகிவிட்டதென்று நான் பாதியில் மைக்கை வாங்கியது தப்பு. கோபித்துக்கொண்டு கிளம்பாமல் கடைசிவரை இருந்தார். எனக்கு அவர் வாதத்தில் முழுச் சம்மதமில்லை. ஆனால் அடுத்த கூட்டத்தில் முதலில் பேசப்போவது அவர்தான்.

நாற்காலி தந்த பந்தல்காரர், மைக் செட்டுக்கு வாடகை வாங்க மறுத்தவர், தட்டுவடை செட் போட்டுக் கொடுத்த அக்கா, கூட்டிப் பெருக்கிய கல்லூரிப் பிள்ளைகள் எல்லாருக்கும் நன்றி. அக்கா, காரச் சட்னி கொஞ்சம் தூக்கல். பேராசிரியர் தண்ணீர் கேட்டது தும்மலால் மட்டுமல்ல.

இரண்டாம் தறி மேல் ஒரு கறுப்புக் குடையும், வாசலில் குழந்தைச் செருப்பு ஒற்றையும் கிடக்கின்றன. உரியவர்கள் பகலில் போனால் தறிச் சத்தத்தில் கூப்பிடுவது கேட்காது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள்.

ஏற்பாட்டுக் குழுவுக்காக,
அம்மாபேட்டை, சேலம்