நண்டு தின்ற ஓடு

அன்புள்ள கயல்,

பிகினித் தீவின் கடலடிக் காணொளியை அனுப்பி, "பாருங்கள் சித்தி, எல்லாம் திரும்பி வந்துவிட்டது" என்று எழுதியிருந்தாய். பார்த்தேன். கண் நிறைந்தது. ஆனால் நாளைக்கு மீன் எண்ணப் போகிறவள் நீ. "எல்லாம்" என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வை.

மார்ஷல் தீவுகளின் பிகினியில் 1946 முதல் 1958 வரை அமெரிக்கா 23 அணுகுண்டுகளை வெடித்தது. 1954 மார்ச் 1-இல் வெடித்த பிராவோ என்ற குண்டு மட்டும் 15 மெகாடன், அதாவது ஒன்றரைக் கோடி டன் வெடிமருந்தின் வலு. அது பறித்த பள்ளத்தின் குறுக்களவு ஏறத்தாழ 2 கிலோமீட்டர். நீ பார்த்த பவளக்காடு அங்கே இருப்பது உண்மைதான். ஆனால் 2008-இல் வெளியான ஆய்வு, சோதனைகளுக்கு முந்தைய பட்டியலோடு ஒப்பிட்டு, 28 பவள இனங்களாவது அங்கே அற்றுப்போய்விட்டதாகச் சொல்கிறது. இல்லாமல் போனதைக் காணொளி எப்படிக் காட்டும்? பட்டியல்தான் காட்டும்.

இருப்பதையும் கண் முழுதாகக் காட்டிவிடாது. 1946 சோதனைகளுக்குப் பிறகு ஆய்வாளர்கள் பாசி மேயும் மீன் ஒன்றை ஒளிப்படத் தகட்டின் மேல் வைத்தார்கள். விளக்கும் இல்லை, கேமராவும் இல்லை. உடலுக்குள் புகுந்திருந்த கதிரியக்கத்தால் மீனே தன் படத்தைத் தகட்டில் பதித்துவிட்டது. கடைசியாக மேய்ந்த பாசி வயிற்றில் எங்கே கிடந்ததோ, அங்கே பதிவு அடர்த்தியாக இருந்தது.

எனக்கு மனம் ஆறாதது தேங்காய் நண்டின் கதை. அது வளைக்குள் ஒளிந்துகொண்டு ஓட்டைக் கழற்றும். புது ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டுமே, அதனால் கழற்றிய பழைய ஓட்டையே தின்றுவிடும். எவ்வளவு சிக்கனமான பிராணி! ஆனால் குண்டு விட்டுச்சென்ற கதிரியக்கப் பொருளான ஸ்ட்ரான்சியம்-90 உடலுக்குள், சுண்ணாம்பில் இருக்கும் கால்சியத்தைப் போலவே நடந்துகொள்ளும். பழைய ஓட்டோடு கழிந்திருக்க வேண்டிய நஞ்சு, அந்தச் சிக்கனத்தாலேயே புது ஓட்டில் போய்ச் சேர்ந்தது. வெளியே பார்த்தால் நல்ல கொழுத்த நண்டு.

தென்னைக்கும் இதே கதி. பவள மண்ணில் பொட்டாசியம் குறைவு. பொட்டாசியத்தைப் போலவே நடந்துகொள்ளும் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளை வேர் தயங்காமல் உறிஞ்சியது. 1946-இல் 167 பேரை "சிறிது காலத்துக்கு" என்று சொல்லித்தான் அப்புறப்படுத்தினார்கள். 1970-களில் சில குடும்பங்கள் திரும்பின, சொந்த மண்ணின் இளநீரைக் குடித்தன. உடலில் சீசியம் ஏறியது தெரிந்து 1978-இல் மறுபடியும் வெளியேற்றினார்கள். காய்த்துக் குலுங்கும் தென்னந்தோப்பை விட்டுவிட்டுப் படகேறியவர்களிடம் போய், எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று நம்மால் சொல்ல முடியுமா, கயல்?

அடுத்த மாதம் நீ இறங்கப்போகும் பவளத்திட்டில் முதல் நாளே பட்டியல் எடுத்துவிடு. சாதாரண மீன்தானே என்று எதையும் விட்டுவிடாதே. தேதி போட்டு எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் சித்தி