தம்பிக்கு, அந்த ஆறாம் பக்கத்தைப் பற்றி

அன்புள்ள தம்பி,

நீ வரைந்து அனுப்பிய சூப்பர்ஹீரோ காமிக்ஸின் பன்னிரண்டு பக்கங்களையும் பார்த்துவிட்டேன். போனில் ஒரு முறை, அப்புறம் பெரிய திரையில் ஒரு முறை. உன் கேள்விக்கு வாட்ஸப்பில் பதில் தட்ட ஆரம்பித்தேன், அது பாட்டுக்கு நீண்டுகொண்டே போனதால் இங்கேயே எழுதிவிடுகிறேன். "பஸ்ஸைத் தூக்குற அளவுக்கு ஒரு பொண்ணுக்குப் பலம் இருக்குறது நம்புற மாதிரி இல்லன்னு பசங்க சொல்றாங்க, பேசாம அவளுக்கு மனசால பொருளை நகர்த்துற சக்தியா மாத்திடவா அக்கா?" என்று கேட்டிருந்தாய்.

மாற்றாதே.

நம்புகிற மாதிரி இல்லை என்பதை முதலில் பார்ப்போம். எடி ஹால் என்ற பிரிட்டன்காரர் 2016-ல் 500 கிலோவைத் தரையிலிருந்து இடுப்பு வரை தூக்கினார், அதுவரை யாரும் செய்யாதது. தூக்கியதும் மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. மலை மாதிரி உடம்புள்ள மனிதருக்கே அரை டன்னுக்கு அந்தப் பாடு. நீ வரைந்திருக்கும் பஸ் பத்து டன்னாவது இருக்கும். அதே பஸ்ஸை உன் கதையில் அவளுடைய அண்ணன்காரனும் ஒன்பதாம் பக்கத்தில் தூக்குகிறான், அவனைப் பற்றி உன் பசங்க ஒரு வார்த்தை கேட்டார்களா? பத்து டன் என்று வந்துவிட்டால் எலும்புக்கு ஆண் பெண் கணக்கெல்லாம் கிடையாது, இரண்டும் நொறுங்கும். அவனுக்கு விட்டுக்கொடுத்த பொய்யை இவளுக்கும் விட்டுக்கொடுக்கச் சொல்.

அடுத்தது அந்த மனசக்தி. அது உனக்குத் தானாகத் தோன்றிய யோசனை என்று நினைக்கிறாய், இல்லையா? அறுபது வருடத்துக்கு மேலாக காமிக்ஸ்காரர்கள் சக்தியை இப்படித்தான் பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். 1961-ல் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற அமெரிக்க காமிக்ஸின் நால்வரில் ஒருவன் ரப்பராக நீள்வான், ஒருவன் பாறை, தம்பிக்காரன் நெருப்பு. சூ ஸ்டார்முக்குக் கிடைத்தது? கண்ணுக்குத் தெரியாமல் போவது. கண்ணுக்குத் தெரியாத கவசம் எழுப்பும் சக்தி அவளுக்கு வந்து சேர 1964 ஆனது, 'இன்விசிபிள் கேர்ள்' என்ற அவள் பெயரில் இருந்த 'கேர்ள்' போய் 'வுமன்' வர 1985 ஆனது. 1963-ல் எக்ஸ்மென் என்ற இன்னொரு சூப்பர்ஹீரோ கூட்டம் வந்தபோது அதில் இருந்த ஒரே பெண் ஜீன் கிரே, அவளும் தூரத்தில் நின்று பொருள்களை நகர்த்துகிறவள். இவர்களுக்கெல்லாம் முன்பே, 1941-லேயே, கைபலத்தோடு வந்தவள் வொண்டர் வுமன். அவளை மறு வருடமே ஹீரோக்களின் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள், செயலாளராக! (இதை முதலில் படித்தபோது யாரோ கிண்டலுக்கு எழுதியது என்றுதான் நினைத்தேன்.)

மனசக்தி மட்டம் என்று சொல்லவில்லை, சூவின் கவசத்துக்கு முன்னால் பாறை மனிதனே ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு உறுத்துவது வேறு. கையை லேசாக நீட்டினால் போதும், முகம் கோணாது, முடி கலையாது, வியர்க்காது. பெண்ணுக்குச் சக்தி கொடுக்கலாம், ஆனால் அதைச் செலவழிக்கும்போது அவள் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்ற கவலை அங்கே ஒளிந்திருக்கிறது. ஷீ-ஹல்க்கையே எடுத்துக்கொள். 1962-ல் வந்த பச்சை ராட்சசன் ஹல்க்குக்கு முகமே மாறிப் புருவம் புடைத்து, பாதி மிருகமாகிவிட்டது. 1980-ல் அவனுடைய அத்தை மகளோ மாமா மகளோ, ஜெனிஃபர் என்ற வக்கீல், அவன் ரத்தம் ஏற்றப்பட்டு அதே பச்சையாகி ஷீ-ஹல்க் ஆனாள். அதே ரத்தம்தான், ஆனால் மூக்கும் முழியும் அப்படியே, கூந்தல் மட்டும் இன்னும் அடர்த்தி.

இப்போது உன் ஆறாம் பக்கம், மூன்றாவது கட்டம். தலைக்கு மேல் பஸ். அவள் உதடு மூடியிருக்கிறது, லேசான புன்னகை கூட. முழங்கை வளையவே இல்லை. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நிற்கிறாள். காலில் குதிகால் உயர்ந்த பூட்ஸ், அதுவும் ஒரு கால் தரையில் சரியாகப் படவில்லை. ஒன்பதாம் பக்கத்துக்குப் போ: அண்ணனுக்குக் கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, பல் தெரிகிறது, காலுக்கடியில் தார் ரோடு விரிசல் விட்டிருக்கிறது. அந்த விரிசலை நீ எவ்வளவு ஆசையாக வரைந்திருக்கிறாய் என்பது கோட்டிலேயே தெரிகிறது. ஒரே பஸ், ஆனால் அவன் கையில் இருக்கும்போதுதான் அதற்கு எடை இருக்கிறது. 1938-ல் சூப்பர்மேன் அறிமுகமான இதழின் அட்டையை எடுத்துப் பார், கார் ஒன்றைத் தூக்கிப் பாறையில் மோதுகிறான், பாரம் எங்கே இறங்குகிறது என்பது உடம்பின் வளைவிலேயே தெரியும். உன் பசங்க நம்பாததற்கு அவள் பெண் என்பது மட்டும் காரணமில்லை, நீ அவளுக்குப் பாரமே கொடுக்கவில்லை.

நாம் இரண்டு பேரும் பீரோவை அறை மாற்றி நகர்த்தினோமே, ஞாபகம் இருக்கிறதா? பாதி வழியில் நீ என் முகத்தைப் பார்த்துச் சிரித்ததில் பிடி நழுவியது. கன்னம் உப்பி, நாக்கு ஓரமாக வெளியே வந்து, ஒரு கண் மூடியிருந்தது என்று நீயே நடித்துக் காட்டினாய். அந்த முகத்தை அவளுக்கு வை.

பதினோராம் பக்கத்தில் அவள் சக்தி கட்டுக்கடங்காமல் போய், அண்ணன் வந்து அடக்குகிறானே, அதையும் கொஞ்சம் யோசி. ஜீன் கிரேக்கு 1980-ல் இதுதான் நடந்தது: சக்தி பெருகிப் பெருகி ஒரு நட்சத்திரத்தையே விழுங்கினாள், கடைசியில் சாக வேண்டியதாயிற்று. நல்ல கதைதான், நானும் அழுதிருக்கிறேன். ஆனால் ஹல்க்குக்குக் கோபம் தலைக்கேறுவதுதான் பலமே, ஜீனுக்கு மட்டும் அது பைத்தியமாகிறது. பதினோராம் பக்கத்தில் உன் கதைப் பெண்ணுக்குக் கோபம் வருவதற்கு நியாயமான காரணம் ஒன்றை நீயே நாலாம் பக்கத்தில் வைத்திருக்கிறாய், பிறகு மறந்துவிட்டாய்.

அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. பன்னிரண்டு பக்கத்திலும் அவன் யாரிடமும் எதையும் கேட்கவில்லை, தாடை ஒரே இறுக்கம். இதுவும் ஒரு சிறைதான். எக்ஸ்மென் படங்களில் வுல்வரின் என்ற ஹீரோவாக நடித்த ஹியூ ஜாக்மன் சட்டையில்லாத காட்சிகளுக்கு முன்னால் தண்ணீரையே குறைத்துக்கொண்டதைச் சொல்லியிருக்கிறார், நரம்பு எடுப்பாகத் தெரிய வேண்டுமாம். திரையில் பலசாலியாகத் தெரிகிற அந்த நிமிடத்தில் உள்ளே தாகத்தில் காய்ந்துகொண்டிருக்கிறார். உன் அண்ணன் ஒரு தடவையாவது "பிடி, கை வலிக்குது" என்று தங்கையிடம் சொன்னால் பஸ் ஒன்றும் விழுந்துவிடாது.

சரி, ஆறாம் பக்கத்தை மட்டும் முதலில் திருப்பி வரை. பூட்ஸைத் தட்டையாக்கு, முழங்காலை வளை, அந்த விரிசலில் பாதியை இவள் காலடிக்குக் கொண்டுவா. பென்சிலில் இருந்தாலும் பரவாயில்லை, அனுப்பு.

அக்கா