செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தன்பாலீர்ப்பாளர்களுக்கும் திருநர்களுக்குமான நம் சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், இன்று நேரில் வந்திருக்கும் 19 உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். அவர்கள்தான் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

முதலில் வழக்கமானவை. மாதக் கூட்டம் பன்னிரண்டில் பத்து நடந்தது. சித்ரா பௌர்ணமிக்குக் கூவாகம் போனவர்களுக்கு வேன் பிடித்துக் கொடுத்தோம். ஜூன் மாத வானவில் பேரணியில் நம் பதாகைக்குப் பின்னால் நாற்பது பேருக்கு மேல் நடந்தார்கள். திருநர் அடையாள அட்டைக்கு ஆறு பேருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தோம். தீபாவளிக்கு வீட்டுக்குப் போக முடியாதவர்களுக்கு மொட்டைமாடியில் இலை போட்டோம். மாவட்டப் பதிவாளரிடம் தர வேண்டிய ஆண்டுத் தாள்கள் தாமதமாகப் போயின. கையெழுத்து வாங்கவே மூன்று வாரம் அலைந்தேன் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

இனி, மனம் உடைந்து அழைக்கும் நம் ஆட்களுக்குக் காது கொடுக்க நாம் நடத்தும் இரவுத் தொலைபேசி. "சங்கத்தோட பாதி நேரமும் பாதிப் பணமும் அந்த போனுக்கே போகுது" என்று ஜனவரி செயற்குழுவில் ஒரு நண்பர் சொன்னார். உண்மைதான். ஏன் போகிறது என்று பொதுக்குழுவுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை.

2024 மே மாதம் இரண்டு நாள் பயிற்சி வைத்தோம். பல வருஷமாகத் தற்கொலைத் தடுப்புத் தொண்டராக இருக்கும் ஒரு அம்மையார் வந்து சொல்லிக் கொடுத்தார். லண்டனில் 1953ல் சாட் வரா என்ற பாதிரியார் இப்படி ஒரு தொலைபேசியை ஆரம்பித்த கதையிலிருந்து தொடங்கினார். தனக்கு மாதவிடாய் வந்ததைப் பால்வினை நோய் என்று பயந்து உயிரை விட்ட 14 வயதுப் பெண்ணுக்கு இறுதிச் சடங்கு செய்தவர் அவர். விசாரிக்க ஓர் ஆள் கிடைக்காமல் போன உயிர். பிற்பாடு அவரைத் தேடி வந்து காத்திருந்தவர்களுக்குப் பேச்சுத் துணையாகச் சில தொண்டர்கள் உட்கார்ந்தார்கள். அவர்களிடம் பேசியதிலேயே மனம் தேறி, பாதிரியாரைப் பார்க்காமலே திரும்பியவர்கள் பலர். சென்னையில் 1986ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா தற்கொலைத் தடுப்பு மையமும் தொண்டர்களை வைத்துத்தான் நடக்கிறது. முன்பின் தெரியாதவர் முன்பின் தெரியாதவருக்குக் காது கொடுப்பது ஒரு வேலை, அதைக் கற்றுக்கொள்ள முடியும் என்பதை நம்மில் பலர் அன்றைக்குத்தான் நம்பினோம்.

எனக்கு அதிகம் பயன்பட்டது, எதைச் சொல்லக்கூடாது என்ற பாடம். "எல்லாம் சரியாயிடும்" கூடாது. "அப்பா அம்மாவை நினைச்சுப் பாரு" கூடவே கூடாது. மற்றவர்களுக்கு அது ஆறுதலாக இருக்கலாம். நம்மை அழைப்பவர் பெரும்பாலும் அப்பா அம்மாவை நினைத்து நினைத்துத்தான் அந்த நிலைக்கு வந்திருக்கிறார். பெயர் கேட்கக் கூடாது. ஆணா பெண்ணா என்று கேட்கக் கூடாது. அவர் தன்னை எப்படிச் சொல்கிறாரோ அப்படியே நாமும் சொல்ல வேண்டும். ஆனால் ஒரு கேள்வியை மட்டும் சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும்: "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" கேட்பதால் இல்லாத நினைப்பு வந்துவிடாது. இருந்தால், ஒருவரிடமாவது சொல்லிவிட்ட பாரம் இறங்கும். நம்மால் முடியாது என்று தோன்றினால் அரசின் உதவி எண் 104, இல்லையென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இரண்டும் எந்நேரமும் இருக்கின்றன.

ஒரு பட்டன் போன், ஒரு சிம், ஒரு நீளக் குறிப்பேடு. நம் சொத்து இவ்வளவுதான். இரவு 9 முதல் 1 வரை வரும் அழைப்பு அன்றைய தொண்டரின் கைப்பேசிக்குத் திருப்பிவிடப்படும். ஞாயிறு இரவுகளில் அழைப்பு அதிகம், தை மாதத்தில் மிக அதிகம். ஊருக்கெல்லாம் தை பிறந்தால் வழி பிறக்கும். நம் பிள்ளைகளுக்கு அப்போதுதான் வீட்டில் ஜாதகத்தை வெளியே எடுக்கிறார்கள். மறுநாள் பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஒருத்தி குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் கிசுகிசுத்தாள். பாதி வார்த்தை கேட்கவில்லை. நம் தொண்டர் "கேக்கலை" என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல் வாளி நிரம்பி வழியும்வரை இருந்தார். இன்னொருவர் நாலு வாரம் வியாழக்கிழமைதோறும் அழைத்தார், பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் வரும். "நான் இருக்கேன், தோணும்போது பேசுங்க" என்று சொல்லிவிட்டு நாமும் சும்மா இருப்போம். ஐந்தாவது வாரம், "எனக்கு வயசு 46. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை" என்று ஆரம்பித்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பயந்துபோய்க் கேட்கும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றேதான். போலீஸ் பிடிக்குமா? டாக்டரிடம் கூட்டிப் போய் மாற்றிவிடுவார்களா? அதற்காக ஒரு பக்கத் தாள் தயாரித்து எல்லாத் தொண்டர்களுக்கும் கொடுத்திருக்கிறோம். வயது வந்தவர்கள் சம்மதத்தோடு வைத்துக்கொள்ளும் உறவு குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6ல் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7ல் உயர் நீதிமன்றம் உத்தரவே போட்டது. பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தாலும், வயது வந்தவர்கள் விருப்பத்தோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தால் போலீஸ் தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும். மாற்றுகிறேன் என்று யாரும் சிகிச்சை செய்யக் கூடாது. அந்த உத்தரவைப் போட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு முதலில் இது புரிய வேண்டும் என்று உளவியலாளர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்டவர். தனக்கு யாரென்றே தெரியாத இரண்டு பெண்களுக்காக ஒரு நீதிபதி அவ்வளவு தூரம் வந்தார் என்று நான் சொல்லும்போது, எதிர்முனையில் மூச்சு நிதானமாவது எனக்குக் கேட்டிருக்கிறது.

அடுத்து, செயற்குழு என்னிடம் விளக்கம் கேட்ட விஷயம்.

நவம்பரில் ஒரு மழை இரவு, 11.40க்கு அழைப்பு. கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் ஒரு பையன். அவன் போனை எடுத்துப் பார்த்து யாரோ வீட்டில் சொல்லிவிட்டார்கள். அடி. கையில் கிடைத்த 600 ரூபாயோடு பஸ் ஏறி வந்துவிட்டான். இனி எங்கே போவதென்று தெரியவில்லை. அன்றைக்குப் பணியில் இருந்தவர் நம் உறுப்பினர் ஒருவரின் அம்மா, தபால் துறையில் ஓய்வு பெற்றவர். கேட்க வேண்டியதை நேராகக் கேட்டார். ஆமாம் என்றான். "சரி தம்பி. நான் போனை வைக்க மாட்டேன், நீயும் வைக்காதே" என்றார். மகனை எழுப்பி எனக்குச் சொல்லச் சொன்னார்.

பையனின் போனில் நாலு சதவீதம் சார்ஜ். "பக்கத்துல யாரு இருக்கா, கேளுப்பா" என்றிருக்கிறார். பக்கத்து நாற்காலியில் திருச்சி பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், மடியில் ஒயர் கூடை. சார்ஜர் கொடுத்தார். அவன் அழுவதைப் பார்த்தும் என்ன ஏது என்று கேட்கவில்லை. புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து, பாதியை டிபன் மூடியில் வைத்து அவன் பக்கம் நகர்த்தினார். "நீ பேசு, பையை நான் பாத்துக்கறேன்" என்றார். திருச்சி பஸ் வந்து நின்றது, கிளம்பியும் போனது. அவர் எழுந்திருக்கவில்லை.

நான் 12.30க்குத் தலைவரிடம் போனில் அனுமதி வாங்கிக்கொண்டு, இன்னொரு உறுப்பினரையும் சேர்த்துக்கொண்டு குரோம்பேட்டையிலிருந்து வண்டியில் போனேன். தொப்பலாக நனைந்துபோய் நின்ற எங்களை அந்த அம்மா உடனே விடவில்லை. "நீங்க யாரு? இவனுக்கு என்ன உறவு?" என்று கேட்டார். சங்கத்திலிருந்து வருகிறோம் என்றேன். "எந்தச் சங்கம்?" பையனைப் பார்த்தேன், தலையசைத்தான். உள்ளதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம், "மொதல்ல தலையைத் துவட்டிக்கச் சொல்லுங்க. தூங்க வைங்க. எதுவானாலும் காலைல பேசிக்கலாம்" என்று சொல்லி, அவன் பையை என் கையில் கொடுத்தார். போன் வழியாக இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த தபால் அம்மா அதற்குப் பிறகுதான் வைத்தார். ஒன்றே முக்கால் மணி நேரம்.

பையன் இப்போது ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறான். இதை அறிக்கையில் எழுதச் சொன்னதே அவன்தான். அந்தத் திருச்சி அம்மாவின் பெயரை நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

அழைப்பவரை நேரில் சந்திக்கக் கூடாது என்பது நம் ஏழாவது விதி. அதை எழுதியவனே நான்தான். காரணமும் இருக்கிறது: பொய் சொல்லி வரவழைத்துப் பணம் பறிக்கும் கூட்டம் நம் ஆட்களைக் குறிவைக்கிறது. தெரிந்தேதான் மீறினேன். முன் ஒப்புதல் இல்லாமல் செலவு செய்தது தப்பு என்கிறார்கள். மூன்று நாள் அறை வாடகை, சாப்பாடு, ஒரு ஜோடி துணி, அவ்வளவுதான். ரசீது பொருளாளரிடம் இருக்கிறது. அவசரமென்றால் தலைவர் அனுமதியோடு இரண்டு பேராகப் போகலாம் என்று விதியைத் திருத்தும் தீர்மானத்தை இன்று முன்வைக்கிறேன். அதை ஏற்காவிட்டாலும், அன்று போனது சரி என்ற என் எண்ணம் மாறாது.

என் வருத்தம் வேறு. பயிற்சி முடிந்த அன்று பணிப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவர்கள் 22 பேர். ஆகஸ்டில் 11. ஜனவரியில் 5. அந்த ஐந்து பேரில் இரண்டு பேர் இந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்களே இல்லை, பிள்ளைகளுக்காக வந்த தாய்மார்கள். பேரணியில் பதாகை பிடிக்க நாற்பது பேர் வந்தார்கள், எனக்குச் சந்தோஷம். ஆனால் இரவு 8.50க்கு "இன்னைக்கு முடியல, சாரி" என்று செய்தி வந்தால் அப்புறம் நான் யாரைத் தேடுவேன்? என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த பிப்ரவரியையும் சேர்த்து 17 இரவுகள் போனை எடுக்க ஆளில்லை. அந்த இரவுகளில் ஒன்பது தவறிய அழைப்புகள். மறுநாள் நாமாகத் திரும்ப அழைக்கவும் முடியாது, அந்தப் பக்கம் போன் யார் கையில் இருக்கும் என்று தெரியாது. ஒன்பது பேரில் ஆறு பேர் மறுபடி அழைத்தார்கள். மீதி மூன்று எண்களும் குறிப்பேட்டில் சிவப்பு மையில் இருக்கின்றன. நான் தினமும் பார்க்கிறேன்.

கணக்கைப் பொருளாளர் விரிவாகச் சொல்வார். வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, கொஞ்சம் கைக்கடன் இருக்கிறது. சந்தா மாதம் 100 ரூபாய். 64 உறுப்பினர்களில் முழுதாகக் கட்டியவர்கள் 27 பேர். வேலை இல்லாதவர்களிடமும், வீட்டை விட்டு வந்தவர்களிடமும் கேட்க மாட்டோம், கேட்டதும் இல்லை. மற்றவர்களுக்கு மூன்று முறை நினைவூட்டியாயிற்று.

மாடி அறையை வாடகை வாங்காமல் தரும் வீட்டுக்காரர், பயிற்சி தந்த அம்மையார், சட்ட உதவி செய்த வழக்கறிஞர், அந்த ஐந்து பேர், எல்லாருக்கும் நன்றி.

வரும் ஆண்டு நான் செயலாளர் பதவிக்கு நிற்கவில்லை. செவ்வாயும் வெள்ளியும் போனை நான் பார்த்துக்கொள்கிறேன், அதில் மாற்றமில்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், திருமணம் ஒன்றுதான் குடும்பமாவதற்கு வழி என்றில்லை என்று சொன்னதை நம் தாளில் சேர்க்க வேண்டும். வாரம் முழுக்கப் போன் இயங்க 14 பேர் வேண்டும். 14 பேர் இருந்தால் ஒருவருக்குப் பதினைந்து நாளைக்கு ஓர் இரவு, நாலு மணி நேரம். புதிய பட்டியல் பின்பக்க மேசையில், டீ கேனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இன்று ஞாயிறு. இன்றைய கட்டத்தில் இன்னும் பெயர் இல்லை. அழைப்பை எந்த எண்ணுக்குத் திருப்ப வேண்டும் என்று 9 மணிக்குள் எனக்குச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்