செல்வத்தைப் பற்றி நீ கேட்டது

ஸ்கார்பரோ,
பிப்ரவரி, ஞாயிறு மதியம்

ஏட்டி கோமதி,

தீபாவளிக்கு நீ எழுதியதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். வார்டனம்மா குரலில் மட்டும் திட்டாதே, அது இன்றைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இங்கே எல்லாரும் சுகம். பையன் ஹாஸ்டலில் இருக்கிறான், இவர் வேலை தேடிக்கொண்டிருக்கிறார், வெளியே மைனஸ் பதினெட்டு. வசந்தா பேத்தி எடுத்துவிட்டாளாமே? நம் செட்டில் முதல் பாட்டி அவள்தான் என்று அன்றைக்கே சொன்னேன். பந்தயப் பணத்தை வட்டியோடு எடுத்து வை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் தம்பி செல்வம் திருவண்ணாமலையில் சாமியார்களோடு உட்கார்ந்து கஞ்சா பிடிக்கிறான், கேட்டால் தியானம் கூடுகிறது என்கிறான், "நீதான் மருந்துக் கடையிலேயே கிடக்கிறாயே, இது உண்மையா பொய்யா சொல்லு" என்று கேட்டிருந்தாய். நான் வாய் திறக்காததற்குக் காரணம் உண்டு. உன் கடிதம் வந்த சமயத்தில் நானே அதைச் சாப்பிட்டுவிட்டுத்தான் தியானத்துக்கு உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

வாயை மூடு, ஈ போய்விடும். இங்கே கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்படி செல்லும் பொருள், இப்போது கடையிலேயே கிடைக்கிறது. எங்கள் தெரு முனையில் தமிழ்க் கடைக்கும் பீட்சாக் கடைக்கும் நடுவில் ஒரு கடை. உள்ளே போனால் வயதுச் சான்று கேட்டான் அந்தப் பையன், பத்தொன்பது ஆகியிருக்க வேண்டுமாம். என் நரைத்த தலையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஏன் போனேன் என்று கேட்பாய். போன வருஷம் இவருக்கு வேலை போனது. 2021இல் வட்டி தரையில் கிடந்தபோது வாங்கிய வீட்டுக் கடனை இப்போது புதுப்பிக்க வேண்டும். மாதத் தவணை எங்கேயோ போய் நிற்கிறது. அம்மா பாளையங்கோட்டையில் தனியாக இருக்கிறாள், அடுப்பை அணைத்தோமா என்று அவளுக்கே தெரிவதில்லை. அண்ணன் போன் வந்தாலே நெஞ்சு தடதடக்கும். திருமுடிவாக்கம் விபாசனா தியான முகாமில் நீயும் நானும் பத்து நாள் வாய் பேசாமல் கிடந்தோமே (நீ பேசினாய், சாட்சி இருக்கிறது), அதிலிருந்து நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது அந்த உட்காருதல் ஒன்றைத்தான். அதுவும் கையை விட்டுப் போனது. கண்ணை மூடினால் மூச்சுக்குப் பதிலாகக் கணக்கு வருகிறது. எத்தனை மாதம் சமாளிக்கலாம், எதை விற்கலாம். பத்து நிமிஷத்தில் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விடுவேன்.

மருந்துக் கடையில் என்னோடு வேலை பார்க்கிற ஜமைக்காக்கார அம்மா ஒருத்தி, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், மூட்டு வலிக்குக் கஞ்சா மிட்டாய் சாப்பிடுவாள். "அரை மிட்டாய் போதும், மனசு கீழே இறங்கும்" என்றாள். ஒரு பாக்கெட்டில் மொத்தமே 10 மில்லிகிராம் டிஎச்சிக்கு (கஞ்சாவில் போதை தரும் சத்து) மேல் இருக்கக் கூடாது என்பது இங்கே சட்டம். நான் வாங்கியதில் நாலு துண்டு, ஒன்றுக்கு இரண்டரை மில்லிகிராம். மஞ்சள் கட்டத்துக்குள் எச்சரிக்கை வாசகம், குழந்தைகள் பிரிக்க முடியாத உறை. என்னாலும் பிரிக்க முடியவில்லை. கத்தரிக்கோலால் வெட்டினேன்.

இதைச் சாப்பிட்டால் உடனே ஒன்றும் தெரியாது. வயிற்றுக்குள் போய், ஈரலில் இன்னும் வீரியமான ஒன்றாக மாறித்தான் வேலையைத் தொடங்கும். ஒன்றரை மணி நேரம்கூட ஆகும். அந்த அவசரத்தில்தான் பலர் இன்னொன்றைப் போட்டுக்கொண்டு படாத பாடு படுகிறார்கள். நான் ஆறரைக்குச் சாப்பிட்டு எட்டு மணிக்கு உட்கார்ந்தேன். முதல் நாள் பிடரியில்தான் தெரிந்தது. பல மாதமாக யாரோ பிடித்துக்கொண்டிருந்த கையை எடுத்த மாதிரி. அந்தக் கணக்குகள் வந்தன, ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் கணக்கு போல வந்து போயின. ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தேன். எழுந்தபோது அழுகை வந்தது, நல்ல அழுகை.

ஆகவே செல்வம் பொய் சொல்லவில்லை. இதை நீ முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். "போதை கூடாது, பௌத்தப் பஞ்சசீலத்தில் ஐந்தாவது" என்று ஒரே வரியில் கதவைச் சாத்தாதே. அதிகாலை நாலரைக்கு உட்காரும் முன்னால் ஒரு டம்ளர் டிகாஷன் இல்லாமல் நீ என்றைக்காவது கண்ணை மூடியிருக்கிறாயா? அதையும் பேசுவோம்.

அப்புறம் படித்த புத்தி சும்மா இருக்குமா, தேடினேன். 2017இல் சிகாகோவில் ஓர் ஆய்வு செய்திருக்கிறார்கள். 42 பேரை நேர்காணல் போல ஒரு கூட்டத்தின் முன் நிறுத்திப் பேசவும் கணக்குப் போடவும் வைத்து, முன்கூட்டியே சிலருக்கு 7.5 மில்லிகிராம், சிலருக்கு 12.5, சிலருக்கு வெறும் மாத்திரை கொடுத்தார்கள். 7.5 வாங்கியவர்களுக்குப் பதற்றம் குறைந்தது. 12.5 வாங்கியவர்களுக்கு, பேசத் தொடங்கும் முன்பே மனசு கெட்டுப்போனது. ஒரே மருந்து, ஐந்து மில்லிகிராம் வித்தியாசம்! செல்வத்தின் சிலும்பியில் எத்தனை மில்லிகிராம் என்று எந்தச் சாமியாருக்குத் தெரியும்? பாக்கெட்டில் எண் அச்சடித்த ஊரில் இருந்துகொண்டு நான் சொல்வதற்கும், அவன் கை மாறி கை மாறி வாங்கிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

காலேஜில் பார்மகாக்னசி (மூலிகை மருந்துப் பாடம்) பிராக்டிகல் ஞாபகம் இருக்கிறதா? பார்த்து அடையாளம் சொல்ல ஸ்பாட்டருக்கு வைத்த அந்தப் பழுப்புக் கஞ்சாப் பொடி. வளைந்த நகம் மாதிரி ரோமம், அடியில் சுண்ணக் கட்டி, அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். நீ ஸ்லைடு முழுக்கப் பொங்கப் பொங்க விட்டுவிட்டு "சார், சாமி வந்திடுச்சு" என்றாயே. அந்த அம்மாளா இன்றைக்கு எனக்குச் சீலம் சொல்கிறாள்!

இப்போது எனக்கு நடந்ததன் மறுபாதி. சில வாரங்களில் ஒன்றைக் கவனித்தேன். மூச்சை ஒன்று, இரண்டு என்று எண்ணினால் நாலில் தொலைந்துபோகிறேன், தொலைந்ததே தெரியவில்லை. இதில் ஆச்சரியம் இல்லை. டிஎச்சி போய் ஒட்டும் ஏற்பிகள் மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் ஏராளம், சற்று முன் நடந்ததை நினைவில் வைப்பது அங்கேதான். மனசு அலைந்ததைக் கண்டுபிடித்துத் திரும்பக் கூட்டி வருவதுதானே நாம் செய்கிற வேலை? கண்டுபிடிக்கிற ஆளையே தூங்க வைத்துவிட்டால் யார் கூட்டி வருவது? ஒரு நாள் மகா பெரிய உண்மை ஒன்று தெரிந்தது. இருட்டில் தடவி நோட்டில் எழுதினேன். காலையில் பார்த்தால், "மூக்கு ஒரு கதவு. இல்லை, இரண்டு." சிரிக்காதே. சரி, சிரி.

அதைவிட இன்னொன்று. உடம்பில் அலை அலையாகச் சுகமாக இருக்கும். சுகமான உணர்ச்சியைப் பிடித்துக்கொள்ளாதே, வலியைத் தள்ளாதே, இரண்டையும் பார்த்துக்கொண்டிரு என்றுதானே முகாம் ஆசிரியர் கோயங்காஜி அத்தனை நாள் டேப்பில் சொன்னார்? நானோ மதியத்திலிருந்து அந்தச் சுகத்துக்காகவே கடிகாரத்தைப் பார்க்கிறேன். பயம் வந்து உட்காரும் முன்பே அதை வெளியே அனுப்பிவிட்டு, பயத்தோடு உட்காரப் பழகுகிறேன் என்று சொல்லிக்கொள்வது என்ன கணக்கு? மிட்டாய் இல்லாத ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தேன். அத்தனை கணக்கும் ஒன்றுவிடாமல் திரும்பி வந்தது, கொஞ்சம் கூடுதலாகவே. பழகப் பழக அந்த ஏற்பிகள் குறைந்துபோகும், அதே அளவு போதாமல் ஆகும் என்பது படித்ததுதான், நமக்கு நடந்தால் தனியாகத் தெரிகிறது.

இப்போது தியானத்துக்கு அதைத் தொடுவதில்லை. விட்ட புதிதில் கனவுகள் வந்தன பார், ஒவ்வொரு ராத்திரியும் முழு நீளப் படம். அடங்கிக்கிடந்த கனவுத் தூக்கம் பாக்கியை வசூலிக்கிறது. ஒன்றில் வார்டனம்மா என் அடமானப் பத்திரத்தைத் திருத்தினாள். ஆனால் அந்தச் சில வாரங்கள் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். எழுந்து ஓடிக்கொண்டிருந்தவளை அது மறுபடி பாயில் உட்கார வைத்தது. அதற்கு மேல் அதனால் ஆகவில்லை. இப்போது இருபது நிமிஷம் உட்காருகிறேன். பாதி நேரம் வங்கிதான். பரவாயில்லை.

செல்வத்தின் வாதங்களை எழுதியிருந்தாயே, பதஞ்சலியே ஔஷதி என்று சொல்லியிருக்கிறார் என்று. சொல்லியிருக்கிறார், யோக சூத்திரத்தில் நாலாம் பாதத்தின் முதல் சூத்திரம். பிறப்பு, மூலிகை, மந்திரம், தவம், சமாதி இவற்றால் சித்திகள் வரும் என்று. அதற்கு முந்தைய பாதத்தில் அந்தச் சித்திகளே சமாதிக்கு இடைஞ்சல் என்றும் அவரேதான் சொல்லியிருக்கிறார். அதை அவன் படிக்கவில்லையாமா? காசியில் அரசாங்க உரிமத்தோடு பாங்கு (கஞ்சா இலையில் செய்வது) விற்கிறார்கள் என்பதும் சரி. 1985 போதைப்பொருள் சட்டம் வெறும் இலையை விட்டுவிட்டது, பூவும் காயும் உள்ள நுனிதான் அதில் கஞ்சா. அவன் பிடிப்பது நுனி. ஒரு கிலோவுக்குள் "சிறிய அளவு" என்று கேட்க லேசாக இருக்கும், அதற்கே ஓர் ஆண்டு வரை சிறை உண்டு. சித்த மருத்துவத்தில் சிவமூலி என்று கஞ்சா இருக்கிறதே என்பான். இருக்கிறது, சுத்தி செய்து, அளவு பார்த்து, லேகியத்தில்.

இதையெல்லாம் வாதம் செய்து ஜெயிக்கலாம். கோமதி, நான் எழுத உட்கார்ந்தது அதற்கில்லை.

அவன் காலேஜ் இரண்டாம் வருஷத்தை நினைத்துப் பார். வாரக்கணக்கில் தூங்காமல், ரேடியோவில் தன் பேரைச் சொல்கிறார்கள் என்று சொன்னானே. மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், உங்க அம்மா வராந்தாவில் நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றாள். உங்க சொக்கலிங்க மாமா கதையும் உனக்குத் தெரியும். எனக்கு இரண்டரை மில்லிகிராம் மூக்கைக் கதவாக்கியது, அவ்வளவுதான். அவனுக்கு அப்படி இல்லை. 2019இல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாக நடத்திய பெரிய ஆய்வொன்றில், வீரியமான கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களுக்கு, தொடாதவர்களைவிட உளப்பிறழ்வு வரும் வாய்ப்பு ஐந்து மடங்கை ஒட்டி வந்தது. அது பொதுவான ஆட்களைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. ஏற்கெனவே ஒரு தடவை உடைந்து ஒட்டிய மனசுக்கு, குடும்பத்திலும் அது ஓடுகிறவனுக்கு, நல்ல அளவு என்று ஒன்று கிடையாது. மருந்து கொடுக்கிறவளாகச் சொல்கிறேன், அவனுக்கு ராக்கி கட்டாத அக்காவாகவும் சொல்கிறேன்: அவனுக்கு வேண்டாம்.

ஆனால் நீ போய்ச் சாமியாரோடு சண்டை பிடிக்காதே. பையைக் கிளறாதே. உனக்கு அந்த வழக்கம் உண்டு. எப்படித் தூங்குகிறான், மாத்திரையை நிறுத்திவிட்டானா, யாராவது தன்னைக் கவனிக்கிறார்கள், பின்தொடர்கிறார்கள் என்று பேசுகிறானா, இதை மட்டும் மெதுவாகக் கேள். தூக்கம் போயிருந்தால் அன்றைக்கே மனநல டாக்டரிடம் கூட்டிப் போ, கஞ்சா விஷயத்தை மறைக்காமல் அவரிடம் சொல். குடும்ப மானம் என்று நம் ஊரில் அதைத்தான் முதலில் விழுங்குவோம்.

தியானம் வேண்டும் என்றால் உட்காரட்டும். ஆனால் தூக்கம் சரியாக வரும்வரை அந்தப் பத்து நாள் முகாம் பக்கமும் போகச் சொல்லாதே. அத்தனை நேரம் கண்ணை மூடிக் கிடப்பது இப்போது அவனுக்குத் தாங்காது.

என்னிடம் அவன் பேசுவான் என்றுதான் நினைக்கிறேன். நானும் சாப்பிட்டவள் என்று சொல்லியே பேச்சைத் தொடங்குவேன், உபதேசம் என்று போனை வைக்க மாட்டான். அவன் நம்பர் மாறிவிட்டதாம், புதுசை அனுப்பு. எனக்கு ராத்திரி ஒன்பது மணி என்றால் உங்களுக்குக் காலை ஏழரை, அந்த நேரம் எனக்குத் தோது. நான் கூப்பிடப்போகிறேன் என்று அவனிடம் முன்கூட்டிச் சொல்லிவைக்காதே.

உன்,
சாந்தி