லைன் வீடு கட்டுவோருக்கும் அனுமதி தருவோருக்கும் ஒரு திறந்த மடல்

திருப்பூரில் லைன் வீடு (பொதுக் கழிப்பறையோடு வரிசையாக ஒட்டிய சிறு வீடுகள்) கட்டி வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்கும், அந்த வரைபடங்களில் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

பத்து வீடு, இரண்டு கழிப்பறை. உங்களுக்குத் தெரியாத கணக்கல்ல. வீட்டுக்கு 4 பேர் என்றால் 40 பேர். ஆளுக்கு 6 நிமிடம் என்றாலும் வரிசை கலைய 2 மணி நேரம். பனியன் கம்பெனியில் எட்டரைக்கு ஷிப்ட். ஆகவே விடியும் முன்பே பக்கெட்டோடு நிற்கிறார்கள். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு திரும்பினால் மறுபடி அதே வரிசை. அதற்கு அஞ்சியே பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வந்து வந்து போகிறது. இரண்டு வீட்டுக்கு ஒரு கழிப்பறை கட்டுங்கள், ஐயா.

அடுத்தது தொட்டி. 5 பேருக்கான செப்டிக் டேங்குக்கே ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், 1 மீட்டர் நீர் ஆழம் வேண்டும். அதில் 40 பேரின் கழிவு விழுந்தால் கசடு அடியில் படிய நேரமே இருக்காது. தண்ணீரோடு வெளியேறி உறிஞ்சுகுழியை அடைக்கும். பிறகு வாசல் சாக்கடையில் வழியும். 50 பேருக்கு 5 மீட்டருக்கு 2 மீட்டர் தொட்டி தேவை. அந்த இடத்தால் ஒரு வீட்டு வாடகை போகும்தான். அதற்காக அடித்தளம் போடாமல் நாலு சிமெண்ட் உறை இறக்கி மூடினால், கழிவு மண்ணில் இறங்கிப் பக்கத்து போர் தண்ணீரில் ஏறிவருகிறது. பாத்திரம் கழுவுவது அந்த உப்புத் தண்ணீரில்தான்.

தொட்டி மூடியைக் கழிவு உறிஞ்சும் லாரியின் குழாய் எட்டும் இடத்தில் வையுங்கள். எட்டவில்லை என்று ஆளை இறக்காதீர்கள். உள்ளிருக்கும் வாயு அளவு மிஞ்சினால் மூக்கை மரக்கச் செய்துவிடும். நாற்றம் தெரியாமலே ஆள் விழுந்துவிடுவார். அப்படி ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

2011 ஜனவரியில் நொய்யல் ஆற்றுக்காகச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். சாயநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாதென்று அதன்பின் எத்தனை செலவு, எத்தனை சோதனை! துணியைத் தைப்பவர்களின் கழிவுநீரை மட்டும் ஏன் யாரும் வந்து பார்ப்பதில்லை? கடுமையாக எழுதிவிட்டோம், பொறுத்தருள வேண்டும்.

அதிகாரிகளே, தொட்டியை மூடும் முன் நேரில் வந்து அளந்து பாருங்கள். உரிமையாளர்களே, கட்டி முடித்த லைன்களிலும் இரண்டு வீட்டுக்கு ஒரு கழிப்பறை கொண்டுவர வழியுண்டு. மாடிப்படிக்கு அடியில் 4 அடிக்கு 3 அடி இடமும் தலை இடிக்காத உயரமும் இருந்தால் போதும். மழைக்கு முன் அங்கிருந்து தொடங்குங்கள்.